தோண்டிப் பார்க்கிற அக்கா

எங்கள் லைனில் அந்த அக்கா திறந்து பார்க்காத மூடி கிடையாது. அடுப்பில் என்ன வெந்தாலும், அது யார் வீட்டு அடுப்பாக இருந்தாலும், வாசலில் வந்து நின்று, "ஏன் அம்மணி, என்ன கொழம்பு?" என்று கேட்பார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கரண்டிக் காம்பால் மூடியைத் தூக்கி, முகத்தை ஆவிக்குள் நீட்டியிருப்பார். "வேகல" என்று சொல்லி மூடுவார். பேசிக்கொண்டே இருந்துவிட்டு மறுபடியும் திறப்பார். "இன்னும் வேகல."

திறந்து திறந்து பார்த்தால் எப்படி வேகும்? அதை நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வதோடு சரி.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். அதைத்தான் லைன் வீடு என்போம். தண்ணீர்க் குழாயும் துவைக்கிற கல்லும் எல்லோருக்கும் பொது. வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தைப் பொடக்காலி என்போம், அதுவும் பொது. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேரே பொடக்காலி. அக்கா வீடு எனக்கு அடுத்த வீடு, ஜன்னலும் அடுத்த ஜன்னல். அவர் வீட்டுக்காரர் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தார். என் வீட்டுக்காரர் பவுண்டரியில். இது தொண்ணூறுகளில்.

அக்கா வீட்டில் தயிர் முழுசாக உறைந்து நான் பார்த்ததில்லை. உறை ஊற்றி வைத்துவிட்டு, உறைந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். அந்தக் குழி மூடுவதற்குள் அடுத்த விரலை விடுவார். காலையில் அது தயிரும் இல்லாமல் பாலும் இல்லாமல் ஒரு தினுசாக இருக்கும். "எம்பட ஊட்டு ஒறமோரே செரியில்ல கண்ணு. உன்னுது ஒரு கரண்டி குடு" என்று என்னிடம் வாங்கிக்கொண்டு போவார். பழி மோருக்கு.

ஒரு தடவை வீட்டு ஓனர் குழாயடிக்குப் புதுசாகச் சிமெண்டுத் தளம் போட்டார். காயும் வரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாது என்று சுற்றிலும் செங்கல் அடுக்கிக் கயிறு கட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் தளத்தின் ஓரத்தில் ஒரு கால் பெருவிரல் அழகாகப் பதிந்திருந்தது. ஓனர் லைனில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார். அக்கா எல்லோரையும்விடச் சத்தமாக, "ஆருங்க இந்த வேலையச் செஞ்சுபோட்டது?" என்றார். அவருடைய பெருவிரலில் சிமெண்டு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஓனரும் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

காந்திபுரத்துக்குத் துணி எடுக்கப் போவதென்றால் என்னையும் கூப்பிடுவார். பஸ் வருகிறதா என்று ரோட்டின் நடுவுக்கே போய்ப் பார்ப்பார். வராது. "இங்க நின்னா இது வராது அம்மணி. வா, அந்த ஸ்டாப்புக்குப் போயிரலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பஸ் வருகிற திசையிலேயே நடப்பார். இரண்டு ஸ்டாப்புக்கும் நடுவில் நாங்கள் இருக்கும்போது பஸ் எங்களைத் தாண்டிப் போகும். கண்டக்டர்கூட எங்களைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டுவார்.

என் சங்கதி வேறு. எனக்குக் குரல் எழும்பாது. பஸ்ஸில் ஏறிவிட்டால், நம்முடைய ஸ்டாப் வந்துவிட்டது, நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வராது. வேறு யாராவது எங்கே இறங்குகிறார்களோ அங்கே கூடவே இறங்கி, மீதியைத் திரும்பி நடந்து வருவேன். ஆகவே அக்காவோடு போனால் ஏறுவதற்கு முன்னால் ஒரு நடை. தனியாகப் போனால் இறங்கின பிறகு ஒரு நடை. எப்படியும் நடைதான்.

அக்காவுக்கு ஒரே மகள். பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்துக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மஞ்சள் போடுகிற குடும்பம். கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகக் குழந்தை இல்லை. குழாயடியில் யாராவது, "மகளுக்கு ஏதாச்சும் விசேஷமுங்களா?" என்று கேட்டால், "ஆகறப்ப ஆகுமுங்க" என்று சொல்லிவிட்டு, பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு புரட்டாசிக் கடைசியில் அந்த மகளுடைய மாமியார், தூக்குப் போசி நிறையப் பலகாரத்தோடு வந்து இறங்கினார். நெட்டையான அம்மா. மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. அவசரமே படாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார். மகள் முழுகாமல் இருக்கிறாள், மூன்று மாதம் தாண்டிவிட்டது என்று சொன்னார். காபி கொடுக்க உதவிக்கு வந்திருந்த என்னை அக்கா இறுகக் கட்டிப் பிடித்துக்கொண்டார். காபி இரண்டு பேர் மேலேயும் சிந்தியது.

கொஞ்ச நேரம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அந்தச் சம்பந்தியம்மா நிதானமாக ஆரம்பித்தார்.

"பேறுகாலம் அங்கயே பாத்துக்கலாமுங்க சம்பந்தி."

"அதெப்படீங்க? மொதப் பேறு தாயூட்டுலதானுங்க."

"மொறை அதுதானுங்க, ஆரு இல்லைங்கறா? ஆனா பாருங்க, இங்க கொழாய்ல தண்ணி எப்ப வரும்னு கொடத்த வச்சுட்டுக் காத்திருக்கோணும். அங்க கெணறு இருக்குது, மாடு இருக்குது, காடு இருக்குது. இங்க பேறு பாத்தவளுக்கு ஒரு பல்லு பூண்டு வேணும்னாக்கூட நீங்க கடைக்குத்தானுங்க ஓடோணும்."

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்கு எங்கள் பக்கம் பூண்டுதான் எல்லாம். குழம்பில் பூண்டு, பாலில் வேக வைத்துப் பூண்டு, நல்லெண்ணெயில் வதக்கிப் பூண்டு. வீடே பூண்டு மணக்கும். அதனால்தான் அவர் வாயில் பூண்டு வந்தது என்று நினைக்கிறேன்.

அக்கா முகம் சுண்டிப்போய்விட்டது. ஆனாலும் விடவில்லை.

"பூண்டுங்களா? அது எங்க பொடக்காலியிலயே போட்டிருக்கறமுங்க."

நான் டம்ளரோடு அப்படியே நின்றேன். பொடக்காலியில் இருந்தது துவைக்கிற கல், ஒரு கருவேப்பிலைச் செடி, ஓனருடைய ஓட்டை சைக்கிள். அவ்வளவுதான்.

சம்பந்தியம்மா சிரிக்காமல் சிரித்தார். "கோயமுத்தூர்ல பூண்டு வருதுங்களா! அப்பச் செரீங்க. மாசியில வாரனுங்க. உங்க பூண்டக் கண்ணுல பாத்துப்போட்டு, கட்டுச்சோத்துக்கு நாள் பேசிக்கலாம்."

கட்டுச்சோறு என்பது, வயிற்றுப் பிள்ளைக்காரியின் தாய்வீட்டார் வகைவகையாகச் சாதம் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் விருந்து போட்டு, மகளைப் பேறுகாலத்துக்குக் கூட்டி வருகிற சடங்கு. அந்த நாள் குறித்தால்தான் மகள் வருவாள். சம்பந்தியம்மா விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் எனக்குப் பட்டது. அக்காவுக்கு அப்படிப் படவில்லை.

சம்பந்தியம்மாவைப் பெருந்துறை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, துவைக்கிற கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மண்ணைக் கொத்தினார். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பூண்டை எல்லாம் உதிர்த்துக்கொண்டு வந்தார். போதாது என்று என் வீட்டுப் பூண்டையும் உதிர்த்துக்கொண்டு போனார். அன்றைக்கு லைனில் இரண்டு வீட்டில் ரசத்துக்குப் பூண்டு இல்லை.

மறுநாள் எங்களுக்கு மளிகை கொடுக்கிற கடைக்கார பாயிடம் இன்னும் கொஞ்சம் வாங்கப் போனோம். நடுவதற்கு என்று கேட்டதும் அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"இது மலைச் சரக்குங்கம்மா. குளிரு வேணும். இந்த வெக்கையில நட்டா பல்லுப் பிரியாது. சின்ன வெங்காயமாட்ட ஒண்டியா உருண்டு நிக்கும்."

"குளிருதானுங்களே வேணும்? அத நான் பாத்துக்கறனுங்க பாய்" என்றார் அக்கா.

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்றால், எங்கள் லைனில் யாரிடமும் பிரிட்ஜ் கிடையாது, ஓனர் வீட்டில் இருந்தது. காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய், மகளுக்கு மசக்கை என்று சொல்லி ஐஸ்கட்டி வாங்கி வருவார். மகள் இருப்பது பெருந்துறையில் என்பது ஓனர் சம்சாரத்துக்கு உடனே உறைக்கவில்லை. அந்த ஐஸைப் பாத்தியில் வரிசையாக வைத்துவிட்டு, "குடிங்க, குடிங்க" என்பார்.

பாத்தி முளைக்கும் என்று எனக்கும் நம்பிக்கை இருந்தது. ஆனால் நட்ட மூன்றாம் நாளே அக்கா ஒரு பல்லைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"பாரு அம்மணி, தாடி மொளச்சிருக்குது!"

அடியில் வெள்ளை வெள்ளையாக வேர். சின்னக் குழந்தையைக் காட்டுகிற மாதிரி லைன் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார். எல்லோரும் பார்த்து முடிப்பதற்குள் தாடி வாடிவிட்டது. திரும்ப நட்டார். அடுத்த நாள் இன்னொரு பல்லை எடுத்தார்.

"ஏனுங்கக்கா, நேத்துத்தான பாத்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நேத்துப் பாத்தது அந்தப் பல்லு. இது பக்கத்துப் பல்லு. பாத்ததையே மறுக்காப் பாத்தாத்தான் தப்பு" என்றார்.

அது அவருடைய நியாயம். ஒவ்வொன்றாக முறை வைத்துத் தோண்டினார். அவசரத்தில் சிலதைத் தலைகீழாகப் புதைத்துவிட்டார். அதுகளும் பாவம், பூமிக்குள் கீழ்நோக்கிப் போய், வழி தெரியாமல் வளைந்து சுற்றி, வேறு எங்கேயோ தலையை நீட்டின. கார்த்திகை முடிவதற்குள் பாய் அகலம் இருந்த பாத்தி தலையணை அகலத்துக்கு வந்துவிட்டது.

ஒரு நாள் துவைக்கிற கல்லின் மேல் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் அழுகிப் போன ஒரு பல். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"என்ற கையே எனக்குச் சத்ரு அம்மணி" என்றார். "இப்படியே போனா மாசிக்கு வெறும் மண்ணத்தான் காட்டோணும். எம்புள்ள அங்கயே கெடக்கோணும்."

அழுகின பல்லை வீசிவிட்டு நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"உன்ற ஜன்னல்ல இருந்து இது நல்லாத் தெரியுதல்லோ? நான் இங்க வந்து குத்த வச்சேன்னு வையி, நீ அங்கிருந்து 'வேண்டாங்க'ன்னு ஒரு சத்தம் போடு. நான் எந்திரிச்சுப் போயர்றேன்."

லைனில் எத்தனையோ வாய்க்காரிகள் இருந்தார்கள். என்னைப் போய்க் காவலுக்கு வைத்தார். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது சாப்பாடு புரைக்கேறுகிற அளவுக்குச் சிரித்தார். "உன்னையவா? நீ கூப்புட்டா நம்மூட்டுப் பூனையே வராது!"

மறுநாளே அக்கா வந்து பாத்தியோரம் குத்த வைத்து உட்கார்ந்தார். நான் ஜன்னலில் நின்றேன். வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. வேறு வழியில்லாமல் ஒரு சொம்பைக் கீழே போட்டேன். அக்கா நிமிர்ந்து, "கால்ல உழுந்துதா கண்ணு?" என்று அன்பாகக் கேட்டுவிட்டு, குனிந்து தோண்டினார்.

அன்று சாயங்காலமே குழாயடியில் எனக்குப் பயிற்சி ஆரம்பித்தது.

"எங்க, சொல்லு பாக்கலாம்."

"வேண்டாங்க."

"இது ஈக்குக்கூடக் கேக்காது. வயித்துல இருந்து சொல்லோணும்."

"வேண்டாங்க."

"ஏன் அம்மணி, மத்தியானம் சோறு திங்கலையா?"

தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஆளாளுக்குச் சொல்லிக் காட்டினார்கள். எனக்கு வெட்கம் தாங்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். அதற்கப்புறம் நான் சத்தம் போடுவதை விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த வழியில் காவல் காத்தேன். துவைத்த போர்வையைப் பாத்தியின் மேலே கொடி கட்டிக் காயப் போடுவேன். அக்கா போர்வையை விலக்கிவிட்டு உள்ளே போவார். எலுமிச்சை முள்ளைச் சுற்றிப் போட்டேன். அதையும் குச்சியால் தள்ளிவிட்டார். கடைசியில், அவர் வருகிற நேரம் பார்த்து அரிசி முறத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்தியோரம் உட்கார்ந்துகொள்வேன். ஆள் இருந்தால் தோண்ட அவருக்கும் கூச்சம். எதிரில் உட்கார்ந்து அவரும் கல் பொறுக்குவார். அந்த மார்கழியில் எங்கள் இரண்டு வீட்டுச் சோற்றிலும் ஒரு கல் கிடையாது.

பனிக்குப் பூண்டு பச்சைப்பசேல் என்று நிமிர்ந்தது. தையில் தாளெல்லாம் முழங்கால் உயரம். நுனி மஞ்சளானதும் இரண்டு தாளைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட வேண்டும் என்று கடைக்கார பாய் சொல்லியிருந்தார். மேலே போகிற சத்து கீழே இறங்குமாம். அக்கா சின்னப் பிள்ளைக்குக் குடுமி போடுவது மாதிரி ஒவ்வொன்றுக்கும் முடிச்சுப் போட்டார். ஆனால் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. "கொஞ்சூண்டு மண்ண மட்டும் ஒதுக்கிப் பாக்கட்டுமா?" என்று கெஞ்சுவார். நான் முறத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

சொன்னபடி மாசியில் சம்பந்தியம்மா வந்தார்.

அக்காவுக்குக் கை ஓடவில்லை. காபிக்கு வைத்த பாலை மூன்று தடவை இறக்கி மூன்று தடவை ஏற்றினார். பாத்திக்குக் காவலாக என்னை ஜாடை காட்டி என் வீட்டுக்கு அனுப்பினார். காபி கொடுத்துவிட்டு அவரே பாத்திக்குக் கூட்டிக்கொண்டு போய், எல்லோர் முன்னாலும் பறித்துக் காட்டுவதாகத் திட்டம். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

சம்பந்தியம்மா, "கையைக் காலைக் கழுவிப்போட்டு வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் பொடக்காலிக்குத் தனியாக வந்தார். துவைக்கிற கல்லின் மேல் இருந்த குடத்தில் மொண்டு காலைக் கழுவினார். நிமிர்ந்தவர் கண்ணில் பாத்தி பட்டது. கிட்டே போனார். குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. அப்புறம் மூக்குத்தி மின்ன, சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, மெல்லக் குத்த வைத்தார். விரல் மண்ணுக்குள் போனது.

"வேண்டாங்க!"

யாரோ கத்துகிறார்கள் என்று நானே திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. கத்தினது நான்தான். மூன்று மாதமாக வயிற்றுக்குள் இருந்த சத்தம், வேறு ஆள் மேல் போய் விழுந்துவிட்டது. மதில் மேல் இருந்த காக்காய் பறந்தது. லைனில் பின் கதவெல்லாம் படபடவென்று திறந்தன. அக்கா காபி வடிகட்டியோடு ஓடிவந்தார்.

பொடக்காலி நடுவில் சம்பந்தியம்மா, பிடுங்கின பூண்டும் கையுமாக, அடைக்கு உட்கார்ந்திருக்கிற கோழி மாதிரி அசையாமல் இருந்தார். போச்சு, அக்கா மகளுடைய பேறுகாலத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் காது மட்டும் மேலேயே இருந்தது.

முதலில் சம்பந்தியம்மா குரல் கேட்டது. அதில் பழைய நிதானம் இல்லை.

"சும்மா... பாத்துப்போட்டு, அப்படியே வச்சர்லாம்னுதானுங்க..."

அக்காவுக்குக் கோபம் வரவில்லை, மரியாதையும் ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் ஓடிப்போய்க் குத்த வைத்தார்.

"எத்தன பல்லுங்க? உரிச்சுப் பாருங்க, சீக்கிரம்!"

நான் மெல்ல எழுந்து பார்த்தேன். இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டிருந்தன. சம்பந்தியம்மா நகத்தால் தோலை உரித்தார். உள்ளே பல் பிரியவே இல்லை. நெல்லிக்காய் அளவுக்கு ஒண்டியாக ஒரு உருண்டை. அக்கா அடுத்ததைப் பிடுங்கினார். அதுவும் உருண்டை. சம்பந்தியம்மா இன்னொன்றைப் பிடுங்கினார். அதுவும்தான். இரண்டு பேரும் மாறி மாறிப் பிடுங்கிப் பாத்தியையே காலி செய்துவிட்டார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு மடி அளவுக்குக்கூட இல்லை.

"பூண்டு இல்லைங்களா இது?" என்றார் அக்கா. குரல் உடைந்திருந்தது.

"ஆரு சொன்னா? இது ஒத்தப் பூண்டுங்க. உரிக்கற வேலையே இல்ல, அப்படியே கொழம்புல போட்டர்லாம்" என்றார் சம்பந்தியம்மா. மண் கையால் நெற்றியைத் துடைத்தார். நெற்றியெல்லாம் மண். "எங்க காட்டுல மஞ்ச போட்டா மாசக்கணக்கா ஒருத்தரும் தொட மாட்டமுங்க. இது என்னமோ, பாத்ததும் கை அரிச்சுப்போச்சு."

"எனக்கு ஐப்பசியில இருந்தே அரிக்குதுங்க" என்றார் அக்கா.

சம்பந்தியம்மா அதற்குச் சிரித்தார். இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தார். அப்புறம் உருண்டையைக் கையில் உருட்டிக்கொண்டே, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்.

"உங்க புள்ள ஒருக்கா சொல்லுச்சுங்க. 'எங்கம்மா கொதிக்கற சட்டியத் தொறக்காம இருக்காது. ஆனா இந்தப் புள்ளச் சமாச்சாரத்த மட்டும் ஒருநாளுங்கூட எங்கிட்டக் கேட்டதில்லீங்க அத்தை'ன்னு. நான் மாசாமாசம் கேட்டவ. அத மனசுல வச்சுத்தான் சொல்லுச்சோ என்னமோ."

அக்கா மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் தோண்டிப் பாக்கற சமாச்சாரமுங்களா?" என்றார்.

எனக்கும் குழந்தை இல்லை. குழாயடியில் என்னையும் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், மருந்து சொல்லியிருக்கிறார்கள், கோயில் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுச் சட்டிபானை எல்லாம் திறந்து பார்த்த இந்த அக்கா என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

"பங்குனியில நாள் நல்லா இருக்குதுங்க" என்று சம்பந்தியம்மா எழுந்தார். "கட்டுச்சோறு கட்டீட்டு வாங்க. புள்ளையக் கூட்டீட்டுப் போங்க." அப்புறம் என் ஜன்னலைப் பார்த்து, "அந்தக் காவக்கார அம்மணியையும் கூட்டீட்டு வாங்க. என்னா சத்தம்!" என்றார்.

போனோம். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். தயிர்ச்சாதத்துக்கு என் வீட்டுத் தயிர். சித்திரையில் அக்காவுக்குப் பேத்தி பிறந்தாள். பொடக்காலிப் பூண்டு ஒரே ஒரு தடவைக் குழம்புக்குத்தான் வந்தது. அந்தக் குழம்பு கொதித்த அன்று, உள்ளே படுத்திருந்த மகள், "அம்மா, மூடிய வையி! அம்மா, மூடிய வையி!" என்று சொல்லிக்கொண்டே இருந்தது என் வீடு வரைக்கும் கேட்டது.

குழம்பில் போடாமல் ஒரு உருண்டையை மட்டும் அக்கா எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். இருந்ததிலேயே பெரியது. "இத அடுத்த ஐப்பசிக்கு நடு கண்ணு. ஒண்டியா இருக்கறத நட்டா மறுவருசம் பல்லுப் பிரியுமாமா, சம்பந்தி சொன்னாங்க" என்றார்.

ஒழுகுகிற பிளாஸ்டிக் வாளியில் மண் போட்டு, என் ஜன்னலுக்குக் கீழே நட்டேன். ஆச்சரியம் என்னவென்றால், அக்கா அதைத் தொடவில்லை. தினமும் வருவார். பேத்தி ஊரிலிருந்து வந்திருந்தால் இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாளியைச் சுற்றி நடப்பார். தாளின் நுனியைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், போய்விடுவார். அடுத்தவர் பூண்டில் கை வைக்கக் கூடாது என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

ஐப்பசி போனது, கார்த்திகை போனது. மார்கழியில் ஒரு காலை. பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. குழாயடியில் யாரும் இல்லை. வாளிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள், தாள் நல்ல தடிமனாக இருக்கிறதே என்று பார்த்தேன். உள்ளே பல் பிரிந்திருக்குமா, இந்தத் தடவையும் ஒண்டியாகவே இருக்குமா? இந்தப் பக்கம் பார்த்தேன். அந்தப் பக்கம் பார்த்தேன். குத்த வைத்தேன். ஒரே ஒரு விரல்தான் விட்டேன். மண் ஜில்லென்று இருந்தது. விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

"வேண்டாங்க!"

பக்கத்து ஜன்னலில் அக்கா. என் மாதிரியே கத்தினார், ஆனால் என்னைவிட நாலு மடங்கு சத்தமாக. பின் கதவெல்லாம் படபடவென்று திறந்தன. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

நான் என்ன செய்வேன்? மண் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்று, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஆருங்க இந்த வேலையச் செஞ்சுபோட்டது?" என்றேன்.